இணையமும் விவேகமும்: குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி

சிரத்தை என்பது வேறு; கேட்டதையெல்லாம் நம்பிவிடுவது வேறு. கடோபநிஷதம் நசிகேதனைச் சிரத்தை புகுந்த சிறுவனாகவே நமக்கு அறிமுகப்படுத்துகிறது. அந்தச் சிரத்தை அவனை என்ன செய்ய வைத்தது? தந்தை தானம் என்ற பெயரில் அனுப்பிய பசுக்களை அவன் உற்றுப் பார்த்தான். அவை பால் வற்றியவை, கிழடு தட்டியவை என்பதைக் கண்டான். கண்டதும் வாய்மூடி இருக்கவில்லை. பணிவோடு கேள்வி கேட்டான். சொல்லப்படுவதற்கும் உண்மையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதும், அதைப் பற்றிப் பணிவோடு வினவுவதும் சிரத்தைக்கு விரோதமானவை அல்ல. சிரத்தையின் முதல் அடையாளங்களே அவைதாம்.

இன்றைய குழந்தைகளுக்கு இந்தப் பாடம் முன் எப்போதையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. முன்பு ஒரு செய்தி குழந்தையை வந்தடைவதற்கு முன் ஆசிரியர், பாடநூல், நூலகர், வீட்டுப் பெரியவர் எனப் பல சல்லடைகளைக் கடந்து வந்தது. இப்போது வீட்டுப்பாடத்திற்கு ஒரு சொல்லைத் தட்டினால் நூற்றுக்கணக்கான வலைத்தளங்கள் வந்து நிற்கின்றன. அறிஞர் எழுதியதும், விற்பனையாளர் எழுதியதும், விளையாட்டுக்கு எழுதியதும், வஞ்சகத்திற்கு எழுதியதும் ஒரே திரையில், ஒரே அளவு எழுத்தில் காட்சி தருகின்றன. சல்லடை இப்போது குழந்தையின் கையிலேயே இருக்க வேண்டும். அதை அமைத்துத் தருவது பெற்றோர், ஆசிரியர்களின் கடமை.

பீன்யா தரும் பாடம்

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பீன்யா தொழிற்பேட்டை. இங்கே ஆயிரக்கணக்கான சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. லேத்தில் கடைந்த ஓர் உதிரிபாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி எந்தத் தொழிலாளியும் அதைப் பெட்டியில் அடுக்குவதில்லை. மைக்ரோமீட்டரும் வெர்னியரும் கொண்டு அளக்கிறார்கள். துளையைச் சோதிக்க ‘பிளக் கேஜ்’ என்ற எளிய கருவி உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறு முனை நுழையக் கூடாது. இரண்டு சோதனைகளிலும் தேறினால்தான் அந்தப் பாகம் வெளியே போகும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் அங்கே உண்டு. அளக்கும் கருவி சரியானதா என்பதையே அவர்கள் குறித்த காலங்களில் சோதிக்கிறார்கள். அந்தக் கருவியை அளவுத்திருத்தம் செய்த ஆய்வகம் எது, அந்த ஆய்வகத்தின் அளவுகோலை ஒப்பிட்டுப் பார்த்தது யார் என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றால், இறுதியில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மூல அளவைகளைச் சென்றடையலாம். ஒரு சிறு பட்டறையின் மைக்ரோமீட்டர் காட்டும் எண்ணுக்கு மதிப்பைத் தருவது இந்தச் சங்கிலிதான். சங்கிலி எங்கேனும் அறுந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

செய்திக்கும் இதுவே விதி. ஒரு வலைத்தளம் சொல்லும் தகவலுக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்க வேண்டும். இதைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், மூலம் எது என்று பின்னோக்கிச் செல்ல வழி இருக்க வேண்டும். வழி இல்லையென்றால், பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அளக்கப்படாத உதிரிபாகமே.

நிலவிலிருந்து ஓர் உதாரணம்

அதே பீன்யாவில்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொலையளவியல், தடமறிதல், கட்டளை வலையமைப்பு மையமான ‘இஸ்ட்ராக்’ இருக்கிறது. 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலையில் சந்திரயான்-2 விண்கலத்தின் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவை நெருங்கியபோது, இணையவழி வினாடி-வினாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் அந்த மையத்திற்கு வந்திருந்தனர். நிலவின் பரப்பிலிருந்து சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரியாகச் சென்றது; பின்னர் தொடர்பு அறுந்தது. அந்த நிலையை அறிவியலாளர்கள் மாணவர்களின் முன்னிலையிலேயே மறைக்காமல் அறிவித்தனர். தமக்குச் சாதகமில்லாத செய்தியையும் உள்ளபடி சொல்வது நம்பத்தக்கவரின் இலக்கணம். குழந்தைகளுக்கு இதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

இதே பயணத்தைச் சுற்றிப் பொய்யும் பரவியது. 2019 ஜூலை 22-இல் விண்கலம் ஏவப்பட்ட சில நாட்களுக்குள், சந்திரயான்-2 எடுத்த பூமியின் படங்கள் என்று பல படங்கள் செல்பேசிகளில் வலம் வந்தன. அவற்றுள் வேறு காலத்தில், வேறு கலங்களிலிருந்து எடுக்கப்பட்டவையும் இருந்தன. கணினியில் வரையப்பட்டவையும் இருந்தன. இஸ்ரோ உண்மையான படங்களை வெளியிட்டது ஆகஸ்ட் 4-ஆம் தேதிதான். போலிப் படங்களோடு ஒப்பிட்டால் உண்மையானவை எளிமையாகவே இருந்தன. பொய்க்கு அலங்காரம் அதிகம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி, சங்கிலியின் மூலத்தைத் தேடிச் சென்ற ஒருவரைப் பார்ப்போம். விக்ரம் கலம் விழுந்த இடத்தின் மேலே பறந்த நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படத்தை நாசா 2019 செப்டம்பர் 26-இல் எல்லோரும் காணும்படி வெளியிட்டது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்ரமணியன், பிறர் சொன்ன கதைகளோடு நின்றுவிடவில்லை. மூலப் படத்தையே எடுத்துக்கொண்டு, அதே இடத்தின் பழைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளி புதிய படத்தில் இருப்பதைக் கண்டார். கண்டதும் தாமே தீர்ப்புச் சொல்லி முடித்துவிடாமல், சரிபார்க்கும் தகுதி உடையவர்களான நாசா அறிவியலாளர்களுக்கு எழுதினார். அவர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எடுத்த புதிய படங்களையும் ஆராய்ந்து, டிசம்பர் 2-ஆம் தேதி அவர் கண்டது கலத்தின் சிதறிய துண்டுதான் என்று அவர் பெயரைக் குறிப்பிட்டே உறுதிசெய்தனர்.

மூலத்திற்குச் செல்வது, ஒப்பிடுவது, அறிந்தவரிடம் சரிபார்ப்பது, அதுவரை பொறுத்திருப்பது என்ற நான்கு படிகள் இதில் உள்ளன. இவற்றுள் எதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. வீட்டுக் கணினியும் பொறுமையும் போதுமாயிருந்தன.

ஆப்தர் யார்?

நமது முன்னோர் இந்தச் சிக்கலை ஆழமாகச் சிந்தித்திருக்கிறார்கள். எது சரியான அறிவு, அது எந்த வழியில் வருகிறது என்பதையே நியாய தரிசனம் தனது முதற்பொருளாகக் கொண்டது. கௌதமர் பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களைக் கூறினார். இவற்றுள் சப்தம் என்பது எவரோ சொன்ன சொல் அன்று; ஆப்தரின் சொல்.

ஆப்தர் என்பவர் யார்? கௌதமரின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் அளிக்கும் விளக்கம் இன்றைய இணையத்திற்கும் அப்படியே பொருந்துகிறது. சொல்லும் பொருளை அவர் நேரடியாக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்கு உணர்த்த விரும்ப வேண்டும். அவர் மேலும் ஒன்றைச் சொல்கிறார்: இந்த இலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியர்களுக்கும் மிலேச்சர்களுக்கும் பொது. ஒருவர் நம்மவர் என்பதால் ஆப்தர் ஆகிவிடுவதில்லை. அயலவர் என்பதால் ஆப்தர் அல்லாமலும் போவதில்லை. அறிவும் நேர்மையுமே அளவுகோல்.

திருக்குறளைக் கற்ற குழந்தைகளுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் வள்ளுவர், யார் சொன்னாலும் சொன்ன பொருளின் மெய்ம்மையைக் காணச் சொல்கிறாரே. நாமோ சொன்னவர் யார் என்று பார்க்கச் சொல்கிறோமே என்று கேட்கலாம். இரண்டும் முரண்பட்டவை அல்ல. நிலவில் என்ன நடந்தது என்பதைப் பத்து வயதுக் குழந்தை நேரில் சென்று காண இயலாது. மருந்தின் குணத்தைத் தானே சோதித்துப் பார்ப்பதும் கூடாது. இத்தகைய இடங்களில் ஆப்தரே துணை. ஆனால் ஆப்தரை நாடுவதன் நோக்கம் மெய்ப்பொருளை அடைவதே. ஒருவரின் பெயருக்கு அடிமையாவது அன்று. பெரிய பெயர் ஒட்டப்பட்டிருந்தாலும் பொருள் பொய்யானால் அதைத் தள்ளும் துணிவு வேண்டும். ‘மெய்யுணர்தல்’ அதிகாரத்தில் அவர் தோற்றத்தைக் கடந்து பொருளைக் காணச் சொல்வதையும் இதனோடு சேர்த்துக் கற்பிக்கலாம். ஒரு குறள் சொன்ன வாயைக் கடக்கச் சொல்கிறது. மற்றொன்று கண்ட தோற்றத்தைக் கடக்கச் சொல்கிறது. வலைத்தளத்தைப் படிக்கும் குழந்தைக்கு இரண்டும் வேண்டும்.

மூன்று பிரமாணங்கள், மூன்று பழக்கங்கள்

பிரத்யட்சம், அனுமானம், ஆப்த வாக்கியம் ஆகிய மூன்றையும் மூன்று பழக்கங்களாக்கிக் குழந்தைகளுக்குத் தரலாம்.

முதலாவது, கண்ணால் உற்றுப் பார்த்தல். தீபாவளி இரவில் இந்தியா விண்ணிலிருந்து எப்படித் தெரிகிறது பாருங்கள் என்று, பல வண்ணங்களில் ஒளிரும் ஒரு படம் ஆண்டுதோறும் உலா வருகிறது. நாசா எடுத்தது என்ற குறிப்பும் அதனோடு வரும். உண்மையில் அது ஓர் இரவின் படமே அன்று. 1992 முதல் 2003 வரை இந்திய நகரங்களின் விளக்கொளி எப்படிப் பெருகியது என்பதைக் காட்ட, வெவ்வேறு ஆண்டுகளின் தரவுகளுக்கு வெவ்வேறு வண்ணம் கொடுத்து அமெரிக்க அறிவியலாளர் ஒருவர் அமைத்த தொகுப்பு அது. 2012 நவம்பரில் நாசாவே தீபாவளிக் காலத்து உண்மையான படத்தை வெளியிட்டு இந்தத் தவறான எண்ணத்தைத் திருத்தியது. அகல் விளக்குகள் நீலமாகவும் பச்சையாகவும் எரிவதில்லையே என்று ஒரு குழந்தை கேட்டிருந்தால் போதும். அங்கேயே விசாரணை தொடங்கியிருக்கும். ஒரு படத்தையே கொடுத்து அது முன்பு எங்கெங்கே வெளிவந்தது என்று தேடும் வசதி இன்று கூகுள் லென்ஸ் போன்றவற்றில் இருக்கிறது. இதைச் சில நிமிடங்களில் எந்தக் குழந்தைக்கும் கற்றுத்தரலாம்.

இரண்டாவது, அனுமானம். கிடைத்த விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சிந்தித்தல். 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி மெக்காலே பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இந்தியாவைப் புகழ்ந்தும், இந்தியரின் முதுகெலும்பை முறிக்க வேண்டும் என்றும் பேசியதாக ஒரு மேற்கோள் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. மெக்காலே 1834-இலேயே இந்தியா வந்துவிட்டார். 1838 வரை இங்கேதான் இருந்தார். அந்தத் தேதியில் அவர் இந்தியாவில் இருந்தபடி எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதில் அந்த வாசகங்கள் இல்லை. இங்கிருந்தவர் அதே நாளில் லண்டனில் எப்படிப் பேசியிருக்க முடியும்? மெக்காலேயின் கல்விக் கொள்கையை எதிர்ப்பதற்கு அவருடைய உண்மையான எழுத்தே போதும். பொய்யான மேற்கோள் தேவையில்லை. தேதி, இடம், ஆள் மூன்றையும் பொருத்திப் பார்க்கும் இந்தப் பயிற்சி பதின்மூன்று வயதுக் குழந்தைக்குத் துப்பறியும் கதைபோல் சுவையாக இருக்கும்.

மூன்றாவது, ஆப்தரைத் தேடுதல். இதில்தான் பெரியவர்களும் தவறுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குச் சான்று. 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேர் ஆகியோரிடம் சில வலைத்தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே நின்று, மேலிருந்து கீழ்வரை படித்து, அதன் நேர்த்தியான தோற்றத்திலும் சின்னத்திலும் ஏமாந்தனர். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினர். குறைவாகப் படித்தும் அவர்களே விரைவாக உண்மையை அடைந்தனர். ஒருவரின் குணத்தை அவரிடமே கேட்டறிய முடியாது. ஊரில் விசாரிக்க வேண்டும் என்பது நமது பாட்டிமார்கள் பெண் பார்க்கும்போது கடைப்பிடித்த விதிதானே!

மரத்தில் வாழும் ஆக்டோபஸ் என்று இல்லாத ஓர் உயிரினத்தைப் பற்றி 1998-இல் விளையாட்டாக ஒரு வலைத்தளம் உருவாக்கப்பட்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லியூ குழுவினர் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது, நன்றாகப் படிக்கும் மாணவர்களே பெரும்பாலும் அதை நம்பினர். வேகமாகப் படிக்கும் திறன் வேறு, சீர்தூக்கும் திறன் வேறு என்பதை இது உணர்த்துகிறது.

வெளி அடையாளங்களைப் பற்றியும் குழந்தைகளுக்குத் தெளிவு வேண்டும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிந்தால் அது இந்திய அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. ‘டாட் காம்’, ‘டாட் ஓ.ஆர்.ஜி.’ ஆகியவற்றை எவரும் பணம் கட்டிப் பெறலாம், ‘ஓ.ஆர்.ஜி.’ என்றிருப்பதாலேயே அது தொண்டு நிறுவனம் ஆகிவிடாது. வங்கிகள் ‘பேங்க் டாட் இன்’ என்ற தனி முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டதும் போலி வங்கித் தளங்களிலிருந்து மக்களைக் காப்பதற்கே. முகவரியின் அருகே தோன்றும் பூட்டுக் குறி, இடையில் பிறர் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். உள்ளே இருப்பவர் நல்லவர் என்று அது சான்று தருவதில்லை. வஞ்சகனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம் அல்லவா?

விக்கிபீடியாவை நுழைவாயிலாகக் கொள்ளலாம். கட்டுரையின் அடியில் தரப்பட்டுள்ள மூலங்களுக்குச் சென்று பார்க்கக் குழந்தைகளைப் பழக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் பதில்களிலும் இதே எச்சரிக்கை தேவை. அவை தவறான செய்தியையும் தடுமாற்றமில்லாத நடையில் சொல்லும்; இல்லாத நூல்களின் பெயர்களையும் சில வேளைகளில் தரும். சரளமாகப் பேசுவது அறிந்து பேசுவதாகாது.

வால் அறுந்த செய்தி

முழுப் பொய்யைவிடப் பாதி உண்மை கொடியது. மகாபாரதப் போரில் அசுவத்தாமன் இறந்தான் என்று பீமன் கூவியபோது துரோணர் உடனே நம்பவில்லை. செய்தியைச் சரிபார்க்க, பொய்யே பேசாதவர் என்று உலகம் அறிந்த தர்மபுத்திரரை நாடினார். ஆப்தரைத் தேடும் விதியை அவர் மீறவில்லை. ஆனால் இறந்தது யானை என்ற பகுதி அவர் காதில் விழாதபடி மெல்லச் சொல்லப்பட்டது. செய்தியின் வால் அறுந்தது. ஒரு மாபெரும் ஆசான் ஆயுதத்தைக் கீழே வைத்தார். அதுவரை நிலத்திலிருந்து நான்கு விரற்கிடை உயர்ந்து ஓடிய தர்மபுத்திரரின் தேர் அன்று மண்ணில் இறங்கியது.

நம் காலத்தில் நிகழ்ந்ததும் இதுவே. பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஓர் அமைப்பு, குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோரை எச்சரிக்க ஒரு காணொளி தயாரித்தது. இரு சக்கர வாகனத்தில் வருபவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள்; பின்னர் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, கடத்துவதற்கு ஒரு கணம் போதும் என்ற எச்சரிக்கைப் பலகையைக் காட்டுகிறார்கள். யாரோ அந்த முடிவுப் பகுதியை வெட்டி எறிந்தனர். எஞ்சிய காட்சி, நம் ஊரில் குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்ற குரலோடு 2018-இல் இந்தியா முழுவதும் வாட்ஸ்அப்பில் பரவியது.

அதன் விளைவு கொடுமையானது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு அன்போடு சாக்லேட் கொடுத்தார். அவரைக் கடத்தல்காரி என்று நினைத்த கூட்டம் அடித்துக் கொன்றது. அதே மாதம் பெங்களூரிலும் ராஜஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர் ஒருவர் இதே சந்தேகத்தால் உயிரிழந்தார். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது.

குழந்தைகளைக் காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடுதான் பெரும்பாலோர் அந்தக் காணொளியை மற்றவர்களுக்கு அனுப்பினர். நல்லெண்ணம் மட்டும் போதாது. விவேகமும் வேண்டும் என்பதற்கு இதைவிட வலியான பாடம் இல்லை. மூதாட்டியின் அன்பை அந்தக் கூட்டத்தின் கண்களிலிருந்து மறைத்தது ஒரு வெட்டப்பட்ட காட்சி.

பள்ளியில் நிகழ்ந்த ஒரு முயற்சி

அதே 2018-ஆம் ஆண்டில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு நல்ல முயற்சி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தின்போது பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் குழந்தைகளுக்கு ஊசி போட மறுத்தனர். மாவட்ட ஆட்சியராக இருந்த மிர் முகம்மது அலி, பெரியவர்களுக்கு மறுப்பு அறிக்கைகள் வெளியிடுவதோடு நின்றுவிடாமல், குழந்தைகளிடம் செல்வதென்று முடிவு செய்தார். ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகள் நடத்தப்பட்டன. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தரப்பட்டது. பின்னர் அவர்கள் மாணவர்களுக்குக் கற்பித்தனர். கேள்வி கேட்கும் மனப்பான்மையை வளர்ப்பதே நோக்கம். பின்னர் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான ‘கைட்’ 2022-இல் இதே பெயரில் மாநிலம் முழுவதும் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தது. தாம் கற்றதைக் குழந்தைகள் வீட்டிற்கு எடுத்துச் செல்வார்கள் என்பதே இம்முயற்சியின் பின்னணியில் இருந்த எண்ணம். தந்தையின் தானத்தைத் திருத்தியவன் நசிகேதன் என்ற சிறுவன்தானே!

இல்லத்திலும் பாலர் வகுப்பிலும்

எட்டு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூன்று கேள்விகள் போதும். இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாரேனும் இதைச் சொல்கிறார்களா? வீட்டுப்பாடத்தின்போது ஒரு தகவலை எழுதினால், அது எங்கே கிடைத்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதும் பழக்கத்தை இந்த வயதிலேயே ஏற்படுத்த வேண்டும். வகைப்படுத்தும் விளையாட்டும் நல்லது: சில பக்கங்களைக் காட்டி, இது செய்தியா, கருத்தா, விளம்பரமா என்று பிரிக்கச் சொல்லலாம்.

பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ளவர்களுக்கு ஒரே பொருளைப் பற்றி இரு வலைத்தளங்களைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம். உதாரணமாக, 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பிறகு, அதன் உலவு வாகனத்தின் சக்கரங்கள் அசோகச் சின்னத்தை நிலவு மண்ணில் தெளிவாகப் பதித்ததாக ஒரு படம் பரவியது. சக்கரத்தில் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அந்தப் படம் ஒரு கலைஞர் கணினியில் வரைந்தது. இஸ்ரோவின் தளத்தில் உள்ள படங்களோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும்படி குழந்தைகளிடம் விடலாம். விடையை நாமே சொல்லிவிடக் கூடாது.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் பணத்தின் தடத்தையும் பார்க்கப் பழக வேண்டும். இந்தத் தளம் எதை விற்கிறது? இந்தச் செய்தியை நான் நம்பினால் யாருக்கு லாபம்? படித்தவுடன் எனக்குக் கோபமோ அச்சமோ பேராசையோ எழுந்ததா? கிளர்ச்சியுற்ற மனம் கலங்கிய குளம். அதில் அடி தெரியாது. சற்று நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, மனம் அமைந்த பிறகே முடிவெடுப்பது என்பது தியானப் பயிற்சியின் நேரடிப் பயன்.

இவை அனைத்திலும் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எதையும் நம்பாதே என்று கற்பிப்பது கல்வி ஆகாது. அப்படி வளரும் குழந்தை மருத்துவரையும் நம்பாது, ஆசிரியரையும் நம்பாது. கடைசியில் தன் மனத்திற்குப் பிடித்ததை மட்டும் நம்பும். பிளக் கேஜின் இரு முனைகளைப் போல, தகாததைத் தடுப்பதும் தக்கதை ஏற்பதும் ஒரே கருவியின் இரு வேலைகள்.

நமக்கு இனிக்கும் பொய்

இறுதியாக, அன்பர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொள்ள வேண்டிய சோதனை ஒன்று. நமக்குப் பிடிக்காத செய்தியை எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். நமது நாட்டையும் நெறியையும் போற்றும் செய்தி வரும்போதுதான் விவேகம் சோதனைக்கு உள்ளாகிறது. நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு செய்தி பல ஆண்டுகள் சுற்றியது. அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ தெளிவுபடுத்திய பிறகும் அது ஓயவில்லை. தேசிய கீதத்தின் பெருமைக்கு அந்தப் பொய்ச்சான்று தேவையா?

மகான்களின் பெயரில் பரவும் வாசகங்களுக்கும் இதுவே பொருந்தும். சுவாமி விவேகானந்தரின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்பது தொகுதிகளாக வெளிவந்துள்ளது. இணையத்திலும் படிக்கக் கிடைக்கிறது. அவர் பெயரில் ஒரு வாசகம் வந்தால், எந்தத் தொகுதி, எந்தச் சொற்பொழிவு என்று கேட்கக் குழந்தைகளைப் பழக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதைப் பரப்பாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கீதையின் 17-ஆம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்தை விளக்குகிறது. பிறரைக் கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை ஆகியவை அதன் இயல்புகள். விரலால் ஒரு பொத்தானை அழுத்தி ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்புவதும் வாக்குதான். அனுப்பும் முன் இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டுப் பார்க்கும் குழந்தை, தான் அறியாமலே தவம் செய்கிறது. கலியுகத்திற்குச் சத்தியமே தவம் என்பது ஸ்ரீராமகிருஷ்ணர் அடிக்கடி வலியுறுத்திய கருத்து. அந்தத் தவத்தைத் தொடங்க வனம் செல்ல வேண்டியதில்லை. வீட்டின் கூடத்தில், ஒரு சிறு திரையின் முன்னாலேயே தொடங்கலாம்.

சிந்தனைக்கு

1. சிரத்தைக்கும் குருட்டு நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நசிகேதனின் செயலைக் கொண்டு விளக்குக.

2. ஆப்தருக்கு வாத்ஸ்யாயனர் கூறும் இலக்கணம் எது? குழந்தைகள் அடிக்கடி பார்க்கும் ஒரு வலைத்தளத்திற்கு அதைப் பொருத்திப் பார்க்க.

3. துரோணர் சரிபார்த்தும் ஏமாந்தது ஏன்? முடிவு வெட்டப்பட்ட செய்தியைக் கண்டறிய என்ன செய்யலாம்?

4. இந்த வாரம் வீட்டிற்கு வந்த செய்திகளுள் மனத்திற்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்து, குழந்தைகளோடு சேர்ந்து அதன் மூலத்தைத் தேடுக.